போர் வற்றுவது ஏன்? பெங்களூரின் நிலத்தடி நீர் பற்றி ஓர் எளிய விளக்கம்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் பெங்களூரில் நாலு பேர் கூடும் எந்த இடத்திலும் பேச்சு போர்வெல்லில் வந்து நிற்கிறது. “ஆயிரத்து இருநூறு அடி போட்டோம், வெறும் புகைதான் வந்தது” என்பார் ஒருவர். “பக்கத்து மனையில் நானூறு அடியிலேயே தண்ணீர், நீரோட்டம் பார்த்தவருடைய கைராசி அப்படி” என்பார் இன்னொருவர். “ஒரு நல்ல மழை பெய்யட்டும், எல்லா போரும் நிறைந்துவிடும்” என்று மூன்றாமவர் ஆறுதல் சொல்வார். தஞ்சாவூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் இங்கே வந்து குடியேறியவர்கள், தங்கள் ஊர்க் கிணற்றை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த ஊர்த் தரையைக் கணக்குப் போடுவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

இந்த எண்ணங்கள் பேச்சோடு போய்விட்டால் பரவாயில்லை. இவற்றை நம்பித்தான் குடியிருப்புச் சங்கங்கள் லட்சக்கணக்கான ரூபாயைப் பாறைக்குள் கொட்டுகின்றன. இவற்றை நம்பித்தான் மழைநீர்க் குழிகள் தவறான இடத்தில் தோண்டப்படுகின்றன. நிலத்துக்கு அடியில் தண்ணீர் எங்கே இருக்கிறது, அது எப்படி அங்கே போய்ச் சேர்கிறது, வறட்சி வந்தால் ஏன் சட்டென்று கைவிடுகிறது என்ற மூன்று கேள்விகளையும் இந்தக் கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறது. படிப்பவருக்கு நிலவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஒரே நகரம், இரண்டு தண்ணீர்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு நிலத்தின் முதுகில் அமைந்திருக்கிறது. வற்றாத ஆறு எதுவும் இந்த ஊரைத் தொட்டுச் செல்லவில்லை. பழைய ஊர் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பி வாழ்ந்தது. 1890-களில் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. அது போதாமல் போகவே 1933-ல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. 1974 முதல் காவிரி வரத் தொடங்கியது. சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால், மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்படும் காவிரி நீர், வழியில் அடுத்தடுத்து மோட்டார்களால் உந்தப்பட்டு, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரம் ஏறித்தான் நம் வீட்டுக் குழாயை அடைகிறது.

ஆனால் எல்லா வீட்டுக் குழாயையும் அது அடைவதில்லை. 2007-ல் மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது சுற்றியிருந்த 110 கிராமங்கள் நகரோடு சேர்க்கப்பட்டன. இவற்றுக்கென்றே திட்டமிடப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொள்ளளவோடு, 2024 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது; வீட்டு இணைப்புகள் படிப்படியாகவே போய்ச் சேர்கின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தப் பகுதிகளின் ஒவ்வொரு லேஅவுட்டும் தனக்கென்று ஒரு போர், ஒரு சம்ப், ஒரு மேல்நிலைத் தொட்டி, வால்வு திறந்துவிட ஒரு வாட்டர்மேன் என்று தனித்தனிச் சிற்றூராகவே வாழ்ந்தது.

2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது முதலமைச்சர் சித்தராமையா சொன்ன கணக்கு இது: நகரின் அன்றாடத் தேவை 260 கோடி லிட்டர், காவிரியிலிருந்து வருவது 147 கோடி, போர்களிலிருந்து 65 கோடி, பற்றாக்குறை சுமார் 50 கோடி லிட்டர். அரசின் கையிலிருந்த ஏறத்தாழ 14,000 போர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை அப்போது வற்றிப் போயிருந்தன. துணை முதலமைச்சர் டி.கே. சிவகுமார், சதாசிவநகரில் உள்ள தம் வீட்டுப் போரும் வற்றிவிட்டதாகச் சொன்னார். காவிரிக் குழாய் உள்ள வீடுகள் அந்தக் கோடையை ஓரளவு சமாளித்தன; போரை மட்டும் நம்பியிருந்த சிற்றூர்கள்தான் குடத்தோடு டேங்கருக்காகக் காத்திருந்தன. ஆகவே இந்த நகரின் வறட்சியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் போர்த் தண்ணீரைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கீழே ஆறு எதுவும் ஓடவில்லை

நிலத்தடி நீர் என்றதும் பலர் மனத்தில் தோன்றுவது, பூமிக்குள் ஓடும் ஓர் ஆறு அல்லது தேங்கி நிற்கும் ஒரு பெரிய குளம். நீரோட்டம் பார்ப்பவர் தேங்காயோ கவைக்குச்சியோ பிடித்துக் கண்டுபிடிப்பதாகச் சொல்வதும் இந்த ஆற்றைத்தான். உண்மையில், நம் காலடியில் இருப்பது பாறையும் மண்ணும்தான். தண்ணீர் அவற்றுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகளில் மட்டுமே இருக்கிறது.

இதை ஒரு வாளியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு வாளி நிறைய ஆற்றுமணலை நிரப்பி அதில் தண்ணீர் ஊற்றினால், வாளி ஏற்கெனவே நிறைந்திருந்தும் கணிசமான தண்ணீரை மணல் குடித்துவிடும். மணிகளுக்கு இடையே அவ்வளவு இடம் இருக்கிறது. வாளியின் அடியில் ஓட்டை போட்டால் அதில் ஒரு நல்ல பங்கு திரும்ப வழிந்து வரும். இது தஞ்சாவூர். இப்போது அதே வாளியில் கருங்கல் ஒன்றை வாளியின் அளவுக்கே செதுக்கி இறக்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே நாலு விரல் உயரத்துக்குத்தான் உதிர்ந்த கல்லும் மண்ணும். அதற்குக் கீழே கல்லில் அங்கங்கே மயிரிழை விரிசல்கள். ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி வாளியின் விளிம்பைத் தாண்டி வெளியே ஓடும். மேலே உள்ள உதிரியில் கொஞ்சம் நிற்கும். விரிசல்களுக்குள் மிகக் கொஞ்சம் இறங்கும். இது பெங்களூர்.

தண்ணீரைத் தன் இடைவெளிகளில் வைத்துக்கொண்டு, கிணறோ போரோ போட்டால் விட்டுக்கொடுக்கக்கூடிய மண் அல்லது பாறை அடுக்குக்கு நீர்த்தாங்கி என்று பெயர். நீர்த்தாங்கிகளில் வளமானவையும் உண்டு, வறியவையும் உண்டு. நிலத்தடி நீரை மதிப்பிட மத்திய அரசு வகுத்த வழிமுறை, மணற்பாங்கான வண்டல் நிலத்தில் ஒரு கன மீட்டரிலிருந்து 160 லிட்டர் நீர் வடித்தெடுக்கலாம் என்று கொள்கிறது. கருங்கல் சிதைந்து உண்டான மண்ணடுக்கில் அதே ஒரு கன மீட்டருக்கு 15 முதல் 30 லிட்டர்தான். சிதையாத முழுப் பாறையில் இதுவும் கிடையாது. ஊர்க் கிணற்றை நினைத்துக்கொண்டு இங்கே கணக்குப் போடக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

பெங்களூரின் அடித்தளப் பாறையைப் பார்க்க ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை. லால்பாக் பூங்காவில், கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் மொட்டைப் பாறையே அதுதான். நைஸ் என்று அழைக்கப்படும் இந்தப் பாறை ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பழமை உடையது. தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த பிறகு அந்தப் பாறை மீது நின்று பார்த்தால், தண்ணீர் குழிகளில் தேங்கி நிற்பதும், சரிவில் வழிந்து ஓடுவதும், ஒன்றிரண்டு வெடிப்புகளின் ஓரத்தில் மட்டும் ஈரம் கறுத்துக் கசிவதும் தெரியும். நகரம் முழுவதும், மண் போர்வைக்குக் கீழே, நடப்பது இதுதான்.

ரிக் வண்டி சொல்லும் நிலவியல்

போர் போடுவதை ஒருமுறை கவனமாகப் பார்த்தவருக்கு இந்த அடுக்குகள் கண்ணுக்கே புலப்படும். இங்கே வரும் ரிக் வண்டிகளில் பல திருச்செங்கோட்டிலிருந்து வருபவை; நாடு முழுவதும் போர் போடும் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. துளைக்கத் தொடங்கியதும் முதலில் செம்மண் பொலபொலவென்று வரும். சில பத்தடிகளுக்குப் பிறகு நிறம் மாறி, பழுப்பும் மஞ்சளுமாகக் கல் துணுக்குகள் கலந்த பொடி வரும். பாறை ஆண்டாண்டுக் காலமாக மழையாலும் வெயிலாலும் இற்றுப்போய் உண்டான இதையே சிதைந்த பாறை அடுக்கு என்கிறோம். உதிரும் தன்மை உள்ள இந்த ஆழம் வரைக்கும்தான் கேசிங் பைப் இறக்குவார்கள். கெட்டிப் பாறை வந்ததும் குழாய் நின்றுவிடும். அதற்குப் பிறகு வெளியே வருவது மாவுபோன்ற சாம்பல் வெண்பொடி. தெருவே வெளுத்துப் போகும். அதைத்தான் நம்மவர்கள் புகை என்கிறார்கள். துளைக்கும் உளி ஒரு பிளவைக் கடக்கும்போது சத்தம் மாறும், பொடி ஈரமாகிச் சேறாகும், பிளவில் நீர் இருந்தால் பீய்ச்சி அடிக்கும். பிளவே குறுக்கிடாவிட்டால் ஆயிரம் அடி போனாலும் பொடிதான்.

பக்கத்து மனையில் நானூறு அடியில் தண்ணீர் கிடைத்து நம் மனையில் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இப்போது விளங்கும். ஆறரை அங்குல அகலமுள்ள துளை, நீருள்ள ஒரு பிளவைச் சந்திக்கிறதா இல்லையா என்பதுதான் விஷயம். பாறையின் மின்தடையை அளந்து பிளவு இருக்கக்கூடிய இடத்தை ஓரளவு ஊகிக்கும் கருவிகள் உண்டு. அவையும் உறுதி சொல்வதில்லை. கைராசிக்கு இதில் வேலையே இல்லை.

இந்த இரண்டு அடுக்குகளும் செய்யும் வேலை வேறுவேறு என்பதே இந்தக் கட்டுரையின் மையமான செய்தி. மேலே உள்ள சிதைந்த அடுக்கு தண்ணீரைச் சேமிக்கிறது. கீழே உள்ள பிளவுகள் அதைக் கடத்துகின்றன. தம்மிடம் வைத்துக்கொள்வது மிகக் குறைவு. ஆழ்போரில் மோட்டார் போட்டதும் முதலில் வருவது பிளவுகளில் இருந்த நீர். அது குறையக் குறைய மேலடுக்கிலிருந்து நீர் மெதுவாகக் கீழே இறங்கி அந்த இடத்தை நிரப்புகிறது. “இரண்டு மணி நேரம் மோட்டாரை நிறுத்தி வைத்தால் மறுபடி ஊறுகிறது” என்று வாட்டர்மேன் சொல்வது இந்த இறக்கத்தைத்தான். மேலடுக்கு காய்ந்துவிட்டால் எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தாலும் ஊறாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: பெங்களூரின் தண்ணீர் பாறை இடுக்குகளில் இருக்கிறது, இடுக்குகளின் கொள்ளளவு சிறியது, சேமிப்பு மேலடுக்கில் இருக்கிறது, நம் போரோ கீழடுக்கில் இருக்கிறது.

ஒரு ஏக்கர், ஒரு வாரம்

மழைநீர் மண்ணின் வழியாக இறங்கி நீர்த்தாங்கியைச் சேர்வதற்குச் செறிவூட்டல் என்று பெயர். எவ்வளவு இறங்கும்? பெங்களூரின் சராசரி ஆண்டு மழை சுமார் 970 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற கணக்குகள் எல்லாம் எளிது. ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். ஆக, ஓர் ஆண்டில் ஒரு ஏக்கர் மீது விழும் மழை சுமார் 39 லட்சம் லிட்டர். கேட்பதற்குப் பெரிதாகத்தான் இருக்கிறது.

இதில் இயற்கையாக நிலத்துக்குள் இறங்குவது சிறு பகுதியே. நைஸ், கிரானைட் சிதைந்த மண்ணில், களிமண் அதிகம் இருந்தால் 8 விழுக்காடும், குறைவாக இருந்தால் 11 விழுக்காடும் இறங்கும் என்று அந்த அரசு வழிமுறையே கொள்கிறது. எளிமைக்காகப் பத்து என்று வைத்துக்கொள்வோம்: 3.9 லட்சம் லிட்டர். மீதி ஆவியாகிறது, செடிகொடி உறிஞ்சுகிறது, கால்வாயில் ஓடுகிறது.

அந்த ஒரு ஏக்கரில் நூறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒயிட்ஃபீல்டிலோ சர்ஜாபூர் சாலையிலோ இது சாதாரணம். வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கு அரசு வகுத்திருக்கும் அளவு. மொத்தம் ஒரு நாளைக்கு 54,000 லிட்டர். 3.9 லட்சத்தை 54,000-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏழு நாள் சொச்சம். ஓர் ஆண்டு முழுவதும் அந்த நிலம் இயற்கையாகக் குடிக்கும் மழை, அதன்மேல் வாழும் மக்களுக்கு ஒரு வாரத் தண்ணீர். டேங்கர் கணக்கில் சொன்னால் 12,000 லிட்டர் லோடு முப்பத்து மூன்று. அதுவும் தரை திறந்த மண்ணாக இருந்தால்தான். தார், கான்கிரீட், டைல்ஸ் பாவிய தரையில் இந்த ஒரு வாரமும் இல்லை. மீதமுள்ள ஐம்பத்தோரு வாரத்துக்கும் அந்தப் போர் இறைத்தது யாருடைய தண்ணீரை என்று கேட்டால், சுற்றிலும் இருந்த வெற்று நிலம் குடித்ததையும், முன்னொரு காலத்து மழை பிளவுகளில் விட்டுச்சென்றதையும்தான். இந்தக் கணக்கைக் குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில் ஒருமுறையாவது பலகையில் எழுதிக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு.

மழை பெய்தால் போர் நிறைந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதும் இதே எண்களில் இருக்கிறது. சிதைந்த அடுக்கின் கொள்ளளவு நூற்றுக்கு இரண்டு, அதாவது ஒரு கன மீட்டருக்கு 20 லிட்டர் என்றால், பத்து சென்டிமீட்டர் அளவு நீர் இறங்கினாலே நீர்மட்டம் ஐந்து மீட்டர், அதாவது பதினாறு அடி ஏறும். “போன மாதத்துக்கு இந்த மாதம் பதினைந்து அடி ஏறிவிட்டது” என்று மகிழ்கிறோம். உள்ளே சேர்ந்திருப்பதோ கணுக்கால் உயரத் தண்ணீர். ஏறிய வேகத்திலேயே அது இறங்கவும் செய்யும்.

வறட்சி எப்போது தொடங்குகிறது

மழை வழக்கத்தைவிடக் குறைவது மழை வறட்சி. ஏரி, அணை, நிலத்தடி ஆகியவற்றில் இருப்புக் குறைவது நீர் வறட்சி. இரண்டும் ஒரே நாளில் வருவதில்லை. இடையே மாதங்கள் உண்டு. 2023-ல் தென்மேற்குப் பருவமழை கர்நாடகத்தில் பொய்த்தது. மாநிலத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பெங்களூரின் போர்கள் கூட்டம் கூட்டமாகக் கைவிட்டதோ 2024 பிப்ரவரி, மார்ச்சில். 2023 அக்டோபரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. மேலடுக்கில் மிச்சமிருந்தது அப்போதே கரைந்துகொண்டிருந்தது. சிக்கனம் தொடங்க வேண்டிய மாதம் அதுதான். கார் கழுவவும் தோட்டத்துக்கு ஊற்றவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தபோது மார்ச் வந்துவிட்டது.

ஒரு வட்டாரத்தில் ஆண்டுதோறும் செறிவூட்டலால் சேர்வதைவிட அதிகமாக இறைத்தால் அதை மிகைநுகர்வு வட்டாரம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் வகைப்படுத்துகிறது. பெங்களூர் நகர மாவட்டம் பல ஆண்டுகளாகவே இந்தப் பட்டியலில் இருக்கிறது. நல்ல மழை பெய்யும் ஆண்டுகளிலும் இருப்பைக் கரைத்தே வாழும் ஊரில், மழை பொய்த்த ஓர் ஆண்டு செய்வது இவ்வளவுதான்: ஏற்கெனவே இருந்த பள்ளத்தைக் கண்ணுக்குக் காட்டுகிறது.

இன்னும் ஆழமாகப் போட்டால்?

ஒரு போர் வற்றியதும் முதலில் எழும் யோசனை இது. முன்பு நாற்பது, ஐம்பது அடிக் கிணற்றில் வாளியில் இறைத்த இந்த ஊரில் இன்று ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு அடி சர்வசாதாரணம். ஆனால் கெட்டிப் பாறையில் ஆழம் கூடக்கூடப் பிளவுகள் பொதுவாக அரிதாகின்றன, இறுகிப் போகின்றன. மேலே உள்ள எடை அவற்றை அழுத்தி மூடுகிறது. ஆழத்தில் கிடைக்கும் நீர், பாறையோடு நெடுங்காலம் உறவாடியதால் பெரும்பாலும் கடினத்தன்மை மிகுந்தும், சில இடங்களில் ஃபுளோரைடு கலந்தும் இருக்கும். இன்னொன்றும் உண்டு. ஆழ்போர் ஒரு பிளவை வறளச் செய்தால், அதே பிளவோடு தொடர்புள்ள அண்டை வீட்டு ஆழம் குறைந்த போர் முதலில் நிற்கும். ஆழமாகப் போட்டவர் புதுத் தண்ணீரைக் கண்டுபிடிக்கவில்லை. பொதுவில் இருந்ததை முன்கூட்டி எடுத்துக்கொண்டார். புதிய போருக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று கர்நாடகத்தின் 2011-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் கேட்பதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

டேங்கர் தண்ணீரும் இதற்கு விலக்கல்ல. லாரியில் வருவதால் அது வேறெங்கிருந்தோ வருவதுபோலத் தோன்றுகிறது. அதுவும் பெரும்பாலும் நகரின் ஓரத்தில் உள்ள போர்களில் இறைக்கப்பட்ட இதே நிலத்தடி நீர்தான். 2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் டேங்கர் விலையைக் கட்டுப்படுத்தியது. ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் லோடுக்கு 1,000 ரூபாயும் அதன்மேல் வரியும் என்று வரம்பு வைத்தது. விலையைக் கட்டுப்படுத்தலாம், அதனால் தண்ணீர் எடுக்கப்படும் கிராமத்தின் விவசாயக் கிணற்றில் ஒரு குடம்கூடக் கூடுவதில்லை.

ஆக, இப்பகுதியில் நினைவில் நிறுத்த வேண்டியவை: போர் வற்றுவது மழை பொய்த்துப் பல மாதங்களுக்குப் பிறகு, ஆழம் புதுத் தண்ணீர் தருவதில்லை, டேங்கர் அதே தண்ணீரை இடம் மாற்றுகிறது.

வீட்டிலும் குடியிருப்பிலும் செய்யக்கூடியவை

பயனளவுப்படி வரிசைப்படுத்தினால், முதலில் வருவது தண்ணீரை இரண்டாம் முறை பயன்படுத்துவது. ஆளுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் 45 லிட்டர் கழிப்பறையில் ஊற்றுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. பெரிய குடியிருப்புகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தே ஆக வேண்டும். அது ஒழுங்காக ஓடி, சுத்திகரித்த நீர் தனிக் குழாயில் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் போனால், நமது நூறு வீட்டுக் குடியிருப்பின் போர்த் தேவை நாளொன்றுக்கு 54,000-லிருந்து 36,000 லிட்டராகக் குறையும். பல இடங்களில் நிலையம் இருந்தும் மின்செலவுக்கு அஞ்சியோ, நாற்றத்துக்கு அஞ்சியோ அரைகுறையாக ஓட்டப்படுகிறது. புதிய போருக்குக் கொடுக்கும் பணத்தை இதைச் சீர்செய்யக் கொடுப்பதே விவேகம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது கூரை. 1,200 சதுர அடி மொட்டை மாடி என்பது 111 சதுர மீட்டர். ஆண்டு மழையில் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் அதன்மேல் விழுகிறது. சிந்துவதும் முதல் மழையில் கழுவிவிடுவதும் போக எண்பதாயிரம் லிட்டருக்கு மேல் கையில் நிற்கும். நாலு பேர் உள்ள தனி வீட்டுக்கு இது ஐந்து மாதத் தேவை. இங்கே இன்னொரு சாதகமும் உண்டு. சென்னையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். பெங்களூரிலோ ஏப்ரல் கடைசியில் கோடை மழை தொடங்கி நவம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. சிறிய தொட்டியே பலமுறை நிரம்பிக் காலியாகும். 2009 முதல் மழைநீர்ச் சேகரிப்பு இங்கே சட்டப்படி கட்டாயம். ஜெயநகரில் குடிநீர் வாரியம் இதற்கென்றே ஒரு பூங்கா அமைத்து, வடிகட்டி முதல் தொட்டி வரை மாதிரிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறது.

சம்பில் கொள்ளாத மழைநீரை நிலத்துக்குள் விடுவது மூன்றாவது. இங்கேதான் அதிகப் பிழை நடக்கிறது. பலர் மாடித் தண்ணீரையும் முற்றத்துத் தண்ணீரையும் நேராக வற்றிய போருக்குள் திருப்பிவிடுகிறார்கள். முற்றத்து எண்ணெயும் சாக்கடைக் கசிவும் அப்படியே பிளவுகளுக்குள் போய், பல வீடுகள் குடிக்கும் நீரைக் கெடுக்கும். ஒருமுறை கெட்ட பிளவை யாராலும் கழுவ முடியாது. சேமிப்பு மேலடுக்கில்தான் என்று முன்பே பார்த்தோம். ஆகவே நீரை மேலடுக்குக்குத்தான் கொடுக்க வேண்டும். அதற்கானது செறிவூட்டுக் கிணறு: மூன்றடி அகலம், இருபது அடியோ அதற்கு மேலோ ஆழம், சிமெண்ட் உறைகள் இறக்கி, அடிப்பகுதி பூசாமல் திறந்து விடப்பட்டது. வடிகட்டிய மழைநீர் அதில் விழுந்து, மண்ணின் வழியே மெதுவாக, தானே வடிகட்டப்பட்டுக் கீழே இறங்கும். தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தார் இன்றும் இந்தக் கிணறுகளை நகரெங்கும் கையால் வெட்டித் தருகிறார்கள். கப்பன் பூங்காவில் தூர்ந்து கிடந்த பழைய கிணறுகளுக்கு உயிர் கொடுத்ததும் அவர்கள் கைகளே.

தண்ணீரோடு காற்றைக் கலந்து செலவைக் குறைக்கும் காற்றுக்கலப்பியைக் குழாயில் பொருத்துவது, ஒழுகும் வாஷரை மாற்றுவது, ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரைப் பிடித்துத் தரை துடைப்பது ஆகியவை எல்லாம் நல்லவையே, செலவும் குறைவு. ஆனால் வீட்டுக்கு வீடு மீட்டர் இல்லாத குடியிருப்பில் இவை நீடிப்பதில்லை. பராமரிப்புக் கட்டணத்தோடு தண்ணீரும் சேர்ந்துவிட்டால், மிச்சம் பிடித்தவருக்கும் வீணடித்தவருக்கும் ஒரே பில்.

தேவனஹள்ளியின் கிணறு

ஒரு முழுச் சிற்றூரே இந்த மேலடுக்கை நம்பி வாழ முடியுமா என்ற கேள்விக்குப் பெங்களூருக்கு வடக்கே, விமான நிலையத்தை அடுத்த தேவனஹள்ளி ஒரு விடை வைத்திருக்கிறது. திப்பு சுல்தான் பிறந்த அந்த ஊர் ஆழ்போர்களையும் டேங்கரையும் நம்பியிருந்தது. பெங்களூரின் ஹெப்பாள், நாகவாரப் பள்ளத்தாக்குகளில் சேரும் கழிவுநீரைச் சுத்திகரித்து வடக்கு மாவட்டங்களின் ஏரிகளுக்கு அனுப்பும் திட்டத்தின் வழியாக, அவ்வூரின் வறண்டு கிடந்த சிஹிநீரு ஏரிக்குத் தண்ணீர் வந்தது. ஏரி நிறைந்ததும் கரையோரத்தில் இருந்த பழைய திறந்த கிணற்றில் நீர் ஊறியது. ஏரிக்கும் கிணற்றுக்கும் இடைப்பட்ட மண்ணடுக்கு வடிகட்டியாக வேலை செய்தது. அந்தக் கிணற்றைத் தூர்வாரி, பக்கத்திலேயே ஆழம் குறைந்த போர்கள் போட்டு, எடுத்த நீரை மீண்டும் சுத்திகரித்து, பரிசோதித்து, ஊருக்குக் கொடுக்கிறார்கள்.

இதில் கவலைகளும் உண்டு, மறைக்கக் கூடாது. இதே முறையில் கோரமங்கலா, செல்லகட்டா பள்ளத்தாக்கின் நீரைப் பெறும் கோலார் மாவட்டத்தில், வறண்டிருந்த கிணறுகளில் நீர் ஏறியிருக்கிறது. அதே வேளையில், நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு அனுப்புவது போதாது, எஞ்சிய மாசையும் நீக்கும் மூன்றாம் நிலையும் வேண்டும் என்று அங்குள்ள விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். கேட்பது நியாயமே. பெங்களூர் தன் சாக்கடையை எந்த அளவுக்குச் சுத்தம் செய்து அனுப்புகிறதோ அதைப் பொறுத்துத்தான் அந்த ஊர்க் கிணறுகளின் தரம் அமையும். கோலாரிலும் தேவனஹள்ளியிலும் ஏரி நீரையும் கிணற்று நீரையும் தொடர்ந்து பரிசோதித்து, முடிவுகளை அந்தந்த ஊர் மக்கள் படிக்கும்படி ஏரிக்கரையிலேயே எழுதி வைப்பது, அந்தத் தண்ணீரை அனுப்புகிறவர்கள் அவர்களுக்குச் செய்ய வேண்டிய முதல் கடமை.